எட்டு சென்ட் தோட்டம் முப்பது சென்ட் ஆன கதை

விடியற்காலை 5 மணி. இன்னும் இருட்டு.

தூரத்தில் நெய்வேலி அனல் மின் நிலையத்தின் விளக்குகள் மினுக்குகின்றன. இங்கே, கத்தரிச் செடிகளுக்கு நடுவே, ஒரு சின்ன விளக்கு அசைகிறது. அது என் அக்காள். தலையில் பேட்டரி விளக்கைக் கட்டிக்கொண்டு காய் பறிக்கிறாள்.

"வாப்பா தம்பி! எழுந்துவிட்டாயா? சும்மா நிற்காதே. அந்தக் கூடையை இப்படி நகர்த்து" என்றாள்.

7 மணிக்கு அவள் டவுன்ஷிப்பில் இருக்க வேண்டும். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் போன பிறகு, வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வருவார்கள். "கத்தரிக்கார அம்மா வந்தாச்சா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை நம்பித்தான் அக்காள் குடும்பம் நடக்கிறது. மகள் நர்சு படிப்புப் படிக்கிறாள். அவளுக்குப் பீஸ் கட்டுவது இந்தக் கத்தரிக்காய்தான்.

முன்பு இந்தத் தோட்டம் எட்டு சென்ட். இன்று முப்பது சென்ட்.

"இருபத்திரண்டு சென்ட் கூட்டியது ஒரு பெரிய காரியமா?" என்று கேட்பீர்கள். பெரிய காரியம்தான். ஒரு தடவை தோற்று, கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து, மறுபடியும் எழுந்துதான் அக்காள் இந்த முப்பதுக்கு வந்தாள். எப்படித் தோற்றாள்? எப்படி எழுந்தாள்? கேளுங்கள்.

தண்ணீர் தேடினார், கரி வந்தது!

முதலில் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நெய்வேலி ஒரு காலத்தில் வெறும் முந்திரிக் காடு. செம்மண் மேடு. அங்கே ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் இருந்தார். 1935-ம் ஆண்டில் அவர் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதைச் சும்மா விட்டுவிடாமல் அரசாங்கத்துக்குத் தெரிவித்தார். அதுதான் பழுப்பு நிலக்கரி!

1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் மின்சாரம் வந்தது.

சுரங்கம் வந்ததும் ஆட்கள் வந்தார்கள். ஆட்களுக்கு வீடு கட்டினார்கள். தெருக்கள் நேராக ஓடும். இருபுறமும் மரங்கள் நிற்கும். ஊரை "வட்டம்" என்று பிரித்து நம்பர் போட்டார்கள். "எந்த வட்டம்?" என்றுதான் ஒருவரையொருவர் விசாரிப்பார்கள். வீட்டுக்கு வீடு கொஞ்சம் மண் இருக்கிறது. ஒரு முருங்கை, ஒரு வாழை, கருவேப்பிலை இல்லாத வீடு குறைவு.

ஆனால் முருங்கையும் கருவேப்பிலையும் மட்டும் போதுமா? சாம்பாருக்குக் கத்தரி வேண்டும். பொரியலுக்கு வெண்டை வேண்டும். மாதச் சம்பளம் வாங்கும் ஆயிரக்கணக்கான வீடுகள். காலையில் பறித்த காய் என்றால் ஒரு ரூபாய் கூடக் கொடுத்து வாங்கும் கைகள். சுற்றியுள்ள கிராமத்துச் சின்ன விவசாயிக்கு இதைவிட நல்ல சந்தை கிடைக்காது.

ஒரு ராத்திரியில் போன முந்திரி

அக்காள் வீட்டுக்கு ஒரு ஏக்கர் முந்திரித் தோப்பு இருந்தது. மாமாவின் தகப்பனார் வைத்த மரங்கள். முந்திரிக்கு அதிக வேலை இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை கொட்டை பொறுக்கினால் கையில் பணம். வீட்டுக்குப் பின்னால் எட்டு சென்டில் அக்காள் கத்தரியும் கீரையும் போட்டாள். அது வீட்டுச் செலவுக்கு. மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்கு.

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி. கடலூர்க்காரர்கள் அந்தத் தேதியை மறக்கமாட்டார்கள். "தானே" புயல்! புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது. பண்ருட்டிப் பக்கம் பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. முந்திரித் தோப்புகள் படுத்துவிட்டன.

பொழுது விடிந்து பார்த்தால், அக்காள் தோப்பில் நின்றவை நாலே மரங்கள்.

மாமா திண்ணையில் உட்கார்ந்தவர் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. முந்திரி ஒட்டுக் கன்று வைத்தால் மூன்றாம் ஆண்டில் பூ விடும். ஆனால் கை நிறையக் காசு வர ஏழெட்டு ஆண்டு வேண்டும். அதுவரை சாப்பிடுவது எதை?

அப்போது மாமியார் அத்தைதான் சொன்னார்களாம்: "மரம் போனால் போகட்டும். செடி நட்டால் அறுபதாம் நாள் காய்க்கிறது. எழுந்திருடா!"

புயல் கழிந்து, ஓய்ந்த இடத்தில் அக்காள் கீரை விதைத்தாள். சிறுகீரை இருபத்தைந்தாம் நாளில் கைக்கு வந்தது. கட்டுக் கட்டி டவுன்ஷிப்புக்குக் கொண்டு போனாள். ஒரு மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தது. அடுத்து எட்டு சென்டிலும் கத்தரி. நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது கிலோ. அதுவும் விற்றுத் தீர்ந்தது.

இங்கேதான் ஆசை பிறந்தது. எட்டு சென்டில் இவ்வளவு என்றால், அறுபது சென்டில் எவ்வளவு?

அறுபது சென்ட் அடித்த அடி

கணக்குப் பள்ளிக்கூடத்தில் சரியாக வரும். தோட்டத்தில் வராது.

விழுந்த மரங்களின் வேர்க்கட்டையை எடுக்க மண் அள்ளும் இயந்திரத்தைக் கொண்டு வந்தார்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஓட்டி வந்த பையன் சுறுசுறுப்பானவன். கட்டைகளைத் தோண்டி எடுத்து, நிலத்தையும் சமப்படுத்திக் கொடுத்துவிட்டான். பார்க்க அழகாக இருந்தது. புது மண் செக்கச்செவேல் என்று பளபளத்தது.

அந்தச் சிவப்புதான் முதல் தப்பு.

ஆண்டாண்டாக முந்திரிச் சருகு உதிர்ந்து மக்கிய மேல் மண் அரை அடிதான். இயந்திரம் அதைக் கீழே தள்ளிவிட்டது. அடியில் கிடந்த சரளை மண் மேலே வந்துவிட்டது. அதில் சத்தும் இல்லை. ஈரம் பிடிக்கும் தன்மையும் இல்லை.

நெய்வேலிக்காரர்களுக்கு இது தெரியாத சமாசாரம் அல்ல. சுரங்கத்தில் ஒரு டன் கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேலான மண்ணை அள்ளி அப்பால் போடுகிறார்கள். அப்படிக் குவித்த மண் மலைபோல் நிற்கிறது. அதில் சும்மா விதைத்தால் ஒன்றும் எழாது. எருவும் பசுந்தாளும் போட்டுப் பல காலம் பண்படுத்திய பிறகுதான் அதில் மரமும் பயிரும் வந்தன. மலை மலையாக நடந்தது, அக்காள் நிலத்தில் முழ அளவில் நடந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது தப்பு: நாற்பது சென்ட் முழுவதும் ஒரே நாளில் கத்தரி நட்டார்கள். மீதி இருபதில் வெண்டை.

நாற்றை வெளியிலே ஒரு நாற்றங்காலில் வாங்கினார்கள். ஒரே மாதிரி நாற்று என்றார்கள். காய்த்தபோது ஒன்று பச்சை, ஒன்று ஊதா, ஒன்று வரிக் கத்தரி! டவுன்ஷிப் அம்மாக்கள் கூடையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, நாலு கடையில் வாங்கி வந்தாயா?" என்றார்கள்.

காய்ப்பும் வந்தது. மண் மோசமானாலும் நாற்பது சென்ட் அல்லவா? ஒரு நாளைக்கு இருபத்தைந்து, முப்பது கிலோ. அக்காள் எவ்வளவு விற்பாள்? பழைய வாடிக்கை எட்டு, ஒன்பது கிலோதான். மீதியை மண்டிக்குக் கொண்டு போனார் மாமா. அந்த வாரம் ஊரெல்லாம் கத்தரி. கேட்ட விலை பறிகூலிக்கும் காணவில்லை. மூட்டையை மண்டியிலேயே விட்டுவிட்டு, பஸ்ஸுக்கு மட்டும் காசு வைத்துக்கொண்டு திரும்பினார்.

வெண்டை இன்னும் மோசம். வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். ஒரு தடவை தப்பினால் முற்றிவிடும். முற்றிய வெண்டையை மாடுதான் தின்னும். கத்தரி பறிக்கும் நாளில் வெண்டை முற்றியது. வெண்டை பறிக்கும் நாளில் கத்தரியில் புழு விழுந்தது.

"எட்டு சென்டில் ஒவ்வொரு செடியும் நான் பெற்ற பிள்ளை மாதிரி, தம்பி. நுனி வாடினால் உடனே தெரியும். அறுபது சென்டில் அது ஊரார் பிள்ளை. எது அழுகிறது என்றே தெரியவில்லை" என்றாள் அக்காள்.

பங்குனியில் தண்ணீரும் போயிற்று. சங்கிலி அடகுக் கடைக்குப் போனது அப்போதுதான்.

இருபது லிட்டர் வாளி

ஒரு வருஷம் அக்காள் பழைய எட்டு சென்டோடு இருந்தாள். அந்த வருஷத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினாள்.

அக்காள் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. எழுத்துக் கற்றது அறிவொளி இயக்கத்தில். கல்யாணத்துக்கு முன்பு, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் படித்தது. அதற்குப் பிறகு கல்யாணப் பத்திரிகையும் ரேஷன் கார்டும் தவிர எதையும் படித்ததில்லை. அந்த எழுத்து இப்போது கை கொடுத்தது. கோணல் மாணலான எழுத்துதான். ஆனால் கணக்கு நேராக இருந்தது. நான் பார்த்தேன்.

முதல் பக்கத்தில் தண்ணீர்.

மோட்டார்க் குழாயின் கீழே இருபது லிட்டர் வாளியை வைத்தாள். மகன் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணினான். ஐப்பசியில் ஆறு எண்ணுவதற்குள் வாளி நிறைந்தது. சித்திரையில் பத்து எண்ண வேண்டியிருந்தது.

ஆறு நொடிக்கு 20 லிட்டர் என்றால் மணிக்கு 12,000 லிட்டர். பத்து நொடிக்கு 20 லிட்டர் என்றால் மணிக்கு 7,200 லிட்டர். கிணறு பங்காளிகளுக்கும் பொது. ஒரு நாள் இவர்கள் முறை. ஒரு நாள் அவர்கள் முறை. முறை நாளில் மூன்று மணி நேரம் இறைக்கலாம். ஆகக் கோடையில் இரண்டு நாளைக்கு 21,600 லிட்டர். ஒரு நாளைக்கு 10,800 லிட்டர்.

சரி, தோட்டம் எவ்வளவு குடிக்கும்? ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். வாய்க்கால் வழியாக ஒரு தடவை பாய்ச்சினால் இரண்டு அங்குல உயரம் தண்ணீர் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்ட்டுக்கு 2,000 லிட்டர். அறுபது சென்ட்டுக்கு 1,20,000 லிட்டர். ஐந்து நாளைக்கு ஒரு தடவை என்றால் தினம் 24,000 லிட்டர் வேண்டும். இருப்பதோ 10,800!

பாதி கூட இல்லை. செடி வாடாமல் என்ன செய்யும்?

இந்தக் கணக்கை நட்ட பிறகு போட்டு என்ன பயன்? நடுவதற்கு முன்பு, அதுவும் கோடைத் தண்ணீரை வைத்துப் போட்டிருக்க வேண்டும். ஐப்பசித் தண்ணீரைப் பார்த்து நட்டவர்கள் எத்தனை பேர்!

நெய்வேலிப் பக்கத்துத் தண்ணீருக்குத் தனிக் கதை உண்டு. கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் குழாய் இறக்கினால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கும். அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தரை பிளந்துவிடும். அதனால் இரவும் பகலும் பம்பு வைத்து இறைக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் வயலுக்குப் பாய்கிறது. ஏரிக்குக் கீழே நிலம் உள்ளவர்களுக்கு லாபம். மேட்டிலே கிணற்றை நம்பி இருப்பவர்கள், "எங்கள் கிணறு இறங்கிவிட்டது" என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அக்காள் நிலம் மேட்டு நிலம்.

இரண்டு மாடு எவ்வளவு தாங்கும்?

நோட்டின் அடுத்த பக்கம் எரு.

காய்கறிக்கு ஏக்கருக்குப் பத்து டன் தொழு உரம் போடச் சொல்கிறார்கள் வேளாண்மைக்காரர்கள். சென்ட்டுக்கு 100 கிலோ. முப்பது சென்ட்டுக்கு மூன்று டன். ஒரு மாட்டு வண்டி பாரம் அரை டன் என்றால், ஆறு வண்டி.

அக்காள் வீட்டில் இரண்டு மாடு. ஒரு மாடு தினம் பத்து கிலோ சாணம் போட்டால், இரண்டும் சேர்ந்து வருஷத்துக்கு ஏழு டன்னுக்கு மேல். மக்கினால் பாதிக்கும் கீழே வந்துவிடும். மூன்று டன் தேறும். முப்பது சென்ட்டுக்கு ஒரு போகத்துக்குச் சரி. அடுத்த போகத்துக்கு?

அதற்கு இரண்டு வழி கண்டாள். ஒன்று, கோடையில் ஆட்டுக் கிடை மறிப்பது. ஆடு மேய்ப்பவர்கள் வருவார்கள். ராத்திரியில் மந்தையை நிலத்தில் மடக்குவார்கள். புழுக்கையும் மூத்திரமும் நேரே மண்ணுக்குப் போகும். இன்னொன்று, காலியாகக் கிடக்கும் பாத்தியில் சணப்பை விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுவது.

மேல் மண் கெட்ட நிலத்துக்கு இவை இரண்டும்தான் வைத்தியம். ஒரே வருஷத்தில் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அக்காளுக்கு மூன்று வருஷம் பிடித்தது.

மண்ணையும் சோதித்தாள். மண் எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வரப்போரம், மர நிழல், எருக் குவித்த இடம் ஆகியவற்றில் எடுக்கக் கூடாது. நிலத்தில் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில "வி" எழுத்துப் போல அரை அடி ஆழம் வெட்ட வேண்டும். அந்தக் குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு பட்டை மண் சுரண்ட வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ மட்டும் பையில் போட்டுக் கொடுக்க வேண்டும். மாமா முதல் தடவை எருக்குழி ஓரத்திலேயே ஒரு பை அள்ளி வந்துவிட்டார். "நம் நிலத்துக்கு உரமே வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பார்கள்!" என்று அக்காள் திருப்பி அனுப்பினாள்.

பாலூர்ப் பயணம்

பண்ருட்டிக்கு அருகே பாலூர் இருக்கிறது. அங்கே உள்ள காய்கறி ஆராய்ச்சி நிலையத்துக்கு நூறு வயதுக்கு மேல். 1905-ல் விவசாயப் பண்ணையாகத் தொடங்கியது. இப்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. "பாலூர் 1" என்ற கத்தரி அங்கே பிறந்ததுதான். முட்டை வடிவம், ஊதா நிறம், நல்ல பளபளப்பு.

பக்கத்து ஊரில் இப்படி ஒரு இடம் இருக்க, வாங்கிய நாற்றை நம்பி மோசம் போனோமே என்று அக்காளுக்கு வருத்தம். நேரே போய் விதை வாங்கி வந்தாள். பத்து சென்ட்டுக்கு எவ்வளவு விதை தெரியுமா? 16 கிராம்! ஒரு பொட்டலத்தில் அடங்கும். அதை வீட்டுப் பின்கட்டில் மேட்டுப் பாத்தியில் விதைத்தாள். முப்பது முப்பத்தைந்து நாளில் நாற்று.

இரண்டடிக்கு இரண்டடி நட்டால் பத்து சென்ட்டில் ஏறக்குறைய 1,090 செடி. நல்ல மண்ணில், நல்ல கவனிப்பில், சென்ட்டுக்கு 100 கிலோ காய் எதிர்பார்க்கலாம். பத்து சென்ட்டுக்கு ஆயிரம் கிலோ. மூன்று மாதம் பறித்தால் தினம் பதினோரு கிலோ. அக்காள் தெருவில் விற்கக்கூடியதும் அவ்வளவுதான்!

ஆக, கத்தரி பத்து சென்ட்டுக்கு மேல் வேண்டாம் என்று நோட்டே சொல்லிவிட்டது.

மீதி இருபது சென்ட்டில் என்ன செய்வது? டவுன்ஷிப் அம்மாக்களையே கேட்டாள். ஒருத்தி புடலை கேட்டாள். ஒருத்தி கொத்தவரை கேட்டாள். சர்க்கரை வியாதிக்காரர் வீடுகள் பாகல் கேட்டன. கீரையை எல்லோரும் கேட்டார்கள். கத்தரிக்கு வாசலுக்கு வரும் கைதான் புடலையும் வாங்கும். புது வீடு தேட வேண்டியதில்லை!

பத்து சென்ட்டில் பந்தல் போட்டாள். மூங்கிலுக்குப் பதில் புயலில் விழுந்த மரக் கிளைகள். அதில் புடலையும் பாகலும். இன்னொரு பத்தில் வெண்டை, கொத்தவரை, கீரை. அதையும் ஒரே நாளில் விதைக்கவில்லை. ஒரு பாத்தி இன்று. அடுத்த பாத்தி பத்து நாள் கழித்து. கீரை இருபத்தைந்தாம் நாளில் காசு தரும். வெண்டை நாற்பத்தைந்தில் தொடங்கும். கத்தரி நட்டு ஐம்பத்தைந்து, அறுபதில் வரும். ஒன்று ஓய்ந்தால் ஒன்று வரும். கூடை காலியாகப் போகாது.

எட்டிலிருந்து முப்பதுக்கும் ஒரே தாவலில் போகவில்லை. முதல் வருஷம் பதினைந்து. அடுத்த வருஷம் இருபத்திரண்டு. மூன்றாம் வருஷம் முப்பது.

சொட்டுச் சொட்டாக

முப்பது சென்ட்டுக்கு வாய்க்கால் வழி பாய்ச்சினால் தினம் 12,000 லிட்டர். கோடையில் இருப்பது 10,800. இன்னும் குறைகிறது அல்லவா?

அதற்குத்தான் சொட்டு நீர். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டு நீர்ப் பாசனத்துக்கு நூற்றுக்கு நூறு மானியம் கிடைக்கிறது. இரண்டரை ஏக்கர் வரை உள்ளவர் குறு விவசாயி. ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. சிட்டா, அடங்கல், நில வரைபடம் வேண்டும். தாசில்தாரிடம் சிறு குறு விவசாயி சான்று வாங்க வேண்டும். மாமா நாலைந்து நடை நடந்தார். "கத்தரி பறிப்பதே மேல்" என்று நடுவில் சலித்துக்கொண்டார். ஆனால் கிடைத்தது.

சொட்டு நீரில் பாதித் தண்ணீர் மிச்சம். களையும் குறைவு. எலி குழாயைக் கடிப்பது ஒன்றுதான் தொந்தரவு. அதற்கு அத்தை ஒரு பூனை வளர்க்கிறார்கள்.

புழுவுக்கு மருந்து கேட்டபோது, "முதலில் கை" என்றாள் அக்காள். கத்தரி நுனி வாடித் தொங்கினால் உள்ளே தண்டுப் புழு இருக்கிறது என்று அர்த்தம். அந்த நுனியைக் கிள்ளி அழித்துவிட வேண்டும். அங்கேயே போட்டால் புழு அடுத்த செடிக்குப் போகும். பாகலில் அழுகி விழும் பிஞ்சைப் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும். உள்ளே பழ ஈயின் புழு. கத்தரிக்கு இனக்கவர்ச்சிப் பொறியும் வைத்திருக்கிறாள். வரப்போரம் துலுக்கச் சாமந்தி. அது வேரில் முடிச்சுப் போடும் நூற்புழுவைக் குறைக்கும். பூவை வெள்ளிக்கிழமை விற்கவும் செய்யலாம்.

அப்படியும் மருந்து அடிக்க வேண்டி வந்தால், அந்த வாரம் பறிப்பதில்லை. "மருந்து அடித்ததை அடுத்த நாள் எடுத்துப் போய் அந்தப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பேன்?" என்கிறாள். வட்டத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் அவளை "பெரியம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

முதல் பறிப்பு எப்போதும் வடலூருக்கு. 1867-ல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையில் அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்து வந்தவர்களுக்குச் சோறு போடுகிறார்கள். ஒரு கூடைக் கத்தரியை அங்கே இறக்கிவிட்டுத்தான் மறுநாள் வியாபாரம்.

அடங்கலில் ஒரு வரி

எல்லாம் சரி. ஒரு பயம் மட்டும் போகவில்லை.

2023-ம் ஆண்டு ஜூலை மாதம். வளையமாதேவி கிராமம். சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வேலை. முன்பே கையகப்படுத்திய நிலம்தான். ஆனால் அதில் விவசாயிகள் நெல் நட்டிருந்தார்கள். நின்ற பயிரில் இயந்திரங்கள் இறங்கின. படம் ஊரெல்லாம் பரவியது. சென்னை ஐகோர்ட்டு வருத்தம் தெரிவித்தது. சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி உத்தரவிட்டது.

நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். அது உண்மை. அந்த வெளிச்சத்தில்தான் நானும் இதை எழுதுகிறேன். ஆனால் அறுப்புக்கு முன்னால் பச்சைப் பயிர் மண்ணில் புரள்வதைப் பார்த்தவனுக்கு அந்த உண்மை எப்படி இனிக்கும்?

அக்காள் நிலத்துக்கு நோட்டீசு எதுவும் வரவில்லை. வரும் என்றும் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அக்காள் ஒரு காரியம் செய்கிறாள். ஜூலை 1-ந் தேதி புதுப் பசலி பிறக்கிறது. அதன் பிறகு நட்டதும் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், "கத்தரி இவ்வளவு, பந்தல் காய் இவ்வளவு" என்று அடங்கலில் பதியச் சொல்கிறாள். பழைய வருஷங்களில் அந்த நிலம் "முந்திரி" என்றே இருந்தது. மரம் விழுந்து பல வருஷம் ஆன பிறகும்!

புயல் வந்தாலும் சரி, நிலம் எடுத்தாலும் சரி, கடன் கேட்டாலும் சரி, அதிகாரி பார்ப்பது அந்தக் காகிதத்தைத்தான். காகிதத்தில் இல்லாத கத்தரிக்கு நஷ்ட ஈடு இல்லை.

பதினொன்று!

நான் போயிருந்த நாள் சித்திரை மாதம் முதல் ஞாயிறு. மகன் சொன்னான்: "மாமா! இன்னும் பத்து சென்ட் கூட்டலாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நான்தான் இருக்கிறேனே. வண்டியில் மந்தாரக்குப்பம் வரை போய் விற்பேன்."

பையனுக்குக் கை வந்துவிட்டது. கேட்பது நியாயம்தானே என்று எனக்குப் பட்டது. அக்காளிடம் சொன்னேன்.

அவள் பதில் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். மோட்டாரைப் போட்டாள். குழாயின் கீழே வாளியை வைத்தாள்.

"நீயே எண்ணு" என்றாள் மகனிடம்.

"ஒன்று... இரண்டு... மூன்று..."

வாளி நிதானமாக நிறைந்தது. மாமா வந்து நின்றார். அத்தையும் திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"பத்து... பதினொன்று!"

வாளி வழிந்தது. பையன் முகம் வாடியது.

அக்காள் நோட்டை எடுத்து, தேதி போட்டு, "11" என்று எழுதினாள். அப்பால் கூடையை வண்டியில் வைத்துக் கயிற்றால் கட்டினாள்.

"இந்த வருஷம் முப்பதுதான். அடுத்த சித்திரையில் எண்ணிப் பார்க்கலாம். அதுவரை அந்தப் பத்தில் சணப்பை விதை" என்றாள்.

மணி ஆறே முக்கால். வண்டி டவுன்ஷிப் ரோட்டில் திரும்பியது.